மலையில் வளர்க்க எந்தக் கும்பிடுபூச்சி? குணமும் குளிரும் பார்த்து ஒரு தேர்வு

கும்பிடுபூச்சி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். காலில் இலை விரிந்தது, இறக்கையில் கண் வரைந்தது, வெள்ளையும் ரோஸுமாக இருப்பது என்று அழகில் தொடங்கி அழகிலேயே முடித்துவிடுகிறார்கள். நான் கோத்தகிரியில் இருக்கிறேன். வருடக்கணக்கில் இவற்றோடு பழகியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: மலையில் ஒரு கும்பிடுபூச்சியின் குணத்தில் பாதி அதன் இனத்தால் வருகிறது, மறுபாதி உங்கள் வீட்டுக்குள் விழும் வெயிலால் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எடுத்தால், சாது என்று நம்பி நீங்கள் வளர்ப்பது குளிரில் விறைத்துக் கிடக்கும் பூச்சியாக இருக்கலாம்.

பூச்சிக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் வழி கிடையாது. சுற்றியுள்ள காற்று எப்படியோ அதுவும் ஏறக்குறைய அப்படியே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். ஒரே நாளில், ஒரே நேரத்தில் இரண்டு ஊருக்கும் பன்னிரண்டு டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருக்கும். கீழே கையை நீட்டினாலே முன்னங்காலை ஓங்கும் பூச்சி, ஊட்டியில் காலை ஏழு மணிக்கு விரல்மேல் எடுத்து வைத்தாலும் அசையாது. "எவ்வளவு அமைதி பாருங்க" என்று சந்தோஷப்படுவார்கள். அதையே பதினோரு மணி வெயில் விழும் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். தலை திரும்பும், உடம்பு பக்கவாட்டில் ஆடும், ஒவ்வொரு அசைவையும் கவனிக்கத் தொடங்கும். அப்போது தெரிவதுதான் அதன் குணம். எந்தப் பூச்சியானாலும் இந்தச் சோதனைக்குப் பிறகு முடிவெடுங்கள்.

இந்தப் பக்கத்தில் யோசிக்கத் தகுந்தவை என்று நான் மூன்றைச் சொல்வேன். பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி, அதாவது ஹைரோடுலா. பூவில் உட்காரும் சிறிய வகையான கிரியோப்ரோட்டர். சமவெளியின் வறண்ட புதர்க்காட்டில் வாழும் வயலின் பூச்சி எனப்படும் கோங்கிலஸ். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டி ஓடும் ஹும்பர்டியெல்லாவும் நம் நாட்டில் உண்டு, ஆனால் அது வளர்க்கத் தோதானதில்லை. ஆள் வருவது தெரிந்தால் மரத்தைச் சுற்றி மறுபக்கம் ஓடிவிடும். அதற்கு வேண்டியது ஒரு முழு மரம், அதை டப்பாவுக்குள் தர முடியாது.

முதலில் பெரிய பச்சை. பெண் பூச்சி வளர்ந்தால் ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். மேல் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. பச்சைதான் அதிகம் என்றாலும் மஞ்சளிலும் தவிட்டு நிறத்திலும் பார்க்கலாம். இதன் பெரிய குணம் நிலையாக இருப்பது. இரை வரும் இடம் என்று ஒரு கிளையைப் பிடித்துவிட்டால் பெண் பூச்சி நாள் கணக்கில் அங்கேயே தலைகீழாகத் தொங்கும். வளர்க்கிறவருக்கு இது எவ்வளவு வசதி என்பது பழகினால்தான் தெரியும். காலையில் எழுந்து தேட வேண்டியதில்லை. நீங்கள் பார்க்கும் நேரமெல்லாம் அது ஏதாவது ஒன்று செய்துகொண்டிருக்கும்.

அது சாப்பிடுவதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாசல் விளக்குக்கு வந்த அந்துப்பூச்சி ஒன்றைப் பிடித்தால், இரண்டு முன்னங்காலின் முள்ளுக்கும் நடுவில் அதை இறுக்கிக்கொண்டு பெரும்பாலும் தலைப்பக்கத்திலிருந்து தொடங்கும். தாடை பக்கவாட்டில் அசையும், அறை அமைதியாக இருந்தால் மெல்லும் சத்தம்கூடக் கேட்கும். இறக்கைகளைக் கடித்துவிட்டுக் கீழே போடும். அந்துப்பூச்சியின் செதிள் பொடி அதன் முகமெல்லாம் ஒட்டியிருக்கும். அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முன்னங்காலை மடக்கி வாய்க்குக் கொண்டுபோய் ஒவ்வொரு முள்ளாக வழித்துச் சுத்தம் செய்யும். காலை ஈரமாக்கிக்கொண்டு கண்ணின் மேல் வைத்து முன்னோக்கி இழுத்துத் துடைக்கும். உணர்கொம்பை வளைத்துப் பிடித்து நுனிவரை வாயில் விட்டு உருவும். சாப்பிட எடுத்த நேரத்தைவிடச் சில நாள் இதற்கு அதிக நேரமாகும்.

ஊட்டியில் இருக்கும் என் அக்கா மகள் முதன்முதலில் இதைப் பார்த்தபோது சொன்னது: "சித்தி, நான் எங்க போனாலும் இது என்னையே பாக்குது." உண்மையிலேயே அப்படித்தான் தோன்றும். கும்பிடுபூச்சியின் கூட்டுக்கண்ணில் தெரியும் கறுப்புப் புள்ளி நம் கண்ணில் இருப்பதுபோல் பாவை இல்லை. கண்ணின் எந்தப் பகுதி நம்மை நேராகப் பார்க்கிறதோ அங்கே ஒளி திரும்பி வராமல் உள்ளே போய்விடுவதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. நாம் நகர்ந்தால் புள்ளியும் நகரும். இரவில் நிறமி இடம் மாறி, பச்சைக் கண் முழுவதும் கருத்துவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பூச்சிக்கு ஏதோ நோய் என்று பயந்துவிடுகிறார்கள். காலையில் பழைய நிறம் திரும்பிவிடும்.

ஆனால் புள்ளியை விடுங்கள், அது நிஜமாகவே பார்க்கவும் செய்கிறது. தலையை 180 டிகிரி திருப்பக்கூடிய பூச்சி இது. இரண்டு கண்ணையும் சேர்த்துத் தூரத்தை அளக்கிறது என்பது 1983-இலேயே தெரிந்துவிட்டது. 2016-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கும்பிடுபூச்சிக்குத் தேன்மெழுகால் குட்டி முப்பரிமாணக் கண்ணாடி ஒட்டித் திரையில் போலிப் பூச்சியைக் காட்டியபோது, திரையை விட்டு எட்டும் தூரத்தில் இருப்பதாகத் தெரிந்த அந்தப் பூச்சியை நோக்கி அது காலை வீசியது. அசைவதைத்தான் அது இரையாகக் கொள்ளும். செத்த ஈயை முன்னால் போட்டால் கவனிக்காது, சாமணத்தில் பிடித்து மெல்ல ஆட்டினால் பாய்ந்து வாங்கிக்கொள்ளும்.

பெரிய பச்சைக்குக் கோபம் உண்டு. திடீரென்று மேலிருந்து கை வந்தால் இறக்கையை விரித்து, முன்னங்கால் இரண்டையும் அகட்டித் தூக்கி, உடம்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். சிலது சீறும். இதற்கு விஷம் கிடையாது. முன்னங்கால் முள் குத்தினால் சுருக்கென்று இருக்கும், எப்போதாவது ரத்தப் பொட்டு வரும், அவ்வளவுதான். கையைப் பின்னால் இழுக்காமல் அசையாமல் வைத்திருந்தால் சில நிமிடத்தில் இறக்கையை மடித்துவிடும். கீழிருந்து விரலை நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். மேல்நோக்கிப் போவது இதன் பழக்கம் என்பதால் விரல், முழங்கை, தோள் என்று ஏறிக் கடைசியில் உங்கள் தலையில்தான் போய் நிற்கும். துணியில் கால் மாட்டிக்கொண்டால் மட்டும் இழுக்காதீர்கள், பாதத்தின் நகம் பிய்ந்துவிடும்.

ஒரே இனத்துக்குள்ளும் குணம் மாறுகிறது. ஒரே முட்டைக்கூட்டில் பிறந்து, ஒரே ஜன்னலில், ஒரே ஈயைத் தின்று வளர்ந்த இரண்டில் ஒன்று சாமணத்தைக் கண்டதும் முன்னால் வரும், இன்னொன்று கூரையின் மறுகோடிக்குப் போய்விடும். தோலுரித்துப் பெரிதான பிறகும் அந்த வித்தியாசம் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் வாய்ப்பிருந்தால் இரண்டு மூன்று குஞ்சுகளைத் தனித்தனி டப்பாவில் சில நாள் வைத்துப் பார்த்து, உங்களுக்கு ஒத்துவருவதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்த செடியிலேயே விட்டுவிடுங்கள். ஒரே டப்பாவில் வைத்தால் மிஞ்சுவது ஒன்றுதான்.

சரி, பூவில் உட்காரும் கிரியோப்ரோட்டர். மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனால் பார்த்தவர்கள் கண்ணை எடுக்க மாட்டார்கள். பச்சை மேல் இறக்கையில் கறுப்புக் கோடு சூழ்ந்த வெளிர்மஞ்சள் கண். குஞ்சாக இருக்கும்போது வெள்ளையும் பச்சையுமாக, வயிற்றை முதுகுப்பக்கம் சுருட்டிக்கொண்டு பூவின் ஓரத்தில் இருக்கும். படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடைக்காது.

வளர்ப்பதற்கு? இது பரபரப்பானது. டப்பா மூடியைத் திறந்தால் குதிக்கும். ஆண் பூச்சி சட்டென்று பறந்து ஜன்னல் திரைக்குள் போய்விடும். பெரிய பச்சையைப் போல் கையில் நடக்கவிட்டு ரசிக்கலாம் என்று எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வேட்டையில் மட்டும் இதற்கு நிகர் இல்லை. பறக்கும் ஈயைக் காற்றிலேயே அள்ளும், தன் அளவுக்குச் சற்றும் குறையாத பூச்சியோடும் மோதும். ஒளிந்திருந்து பார்க்கிற பொறுமை உள்ளவர்களுக்கு இது ஏற்றது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன், பயந்து குதித்துக் காலடியில் நசுங்கிவிடும் ஆபத்து அதிகம். பகலில் 22 டிகிரிக்கு மேல் கிடைத்தால் நன்றாக இருக்கும். குன்னூர், கோத்தகிரி வீடுகளில் வெயில் விழும் ஜன்னல் இருந்தால் வருடத்தில் பல மாதம் இது தானாகவே கிடைத்துவிடும்.

குணத்தைப் பற்றிப் பேசும்போது ஹெஸ்டியாசுலா பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. இந்தியாவில் உள்ள சிறு வகை இது. முன்னங்கால் வட்டத் தட்டாக அகன்று, உட்புறம் பளிச்சென்ற நிறத்தோடு இருக்கும். ஒன்றை ஒன்று பார்த்தால் அந்தக் காலை மாறி மாறி வெளியே வீசிக் காட்டும், குத்துச்சண்டைக்காரர் கை வீசுவது மாதிரியே. வளர்க்கத் தேடிப் போகாதீர்கள், தற்செயலாகக் கண்ணில் பட்டால் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது வயலின் பூச்சி. குணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றிலும் உயர்ந்தது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து சென்டிமீட்டர் நீளம். குச்சி போல் மெலிந்த கழுத்து, காய்ந்த இலைத் துண்டு ஒட்டியதுபோல் கால்கள், ஆணுக்குச் சீப்பு போன்ற உணர்கொம்பு. தன் இனத்தைத் தின்பது மிகக் குறைவு. போதுமான இரை கொடுத்தால் ஒரே கூண்டில் பல பூச்சிகள் கிளை பகிர்ந்து தொங்கும், ஒன்று ஆடினால் பக்கத்தில் இருப்பதும் ஆடும். கும்பிடுபூச்சி உலகத்தில் இது அபூர்வம்.

ஆனால் இது தென்னிந்தியச் சமவெளிக்கும் இலங்கைக்கும் உரிய பூச்சி. பகலில் 30 டிகிரிக்கு மேல், விளக்கடியில் 35, 40 வரை சூடும், காய்ந்த காற்றும் கேட்கும். பறக்கும் இரையைத்தான் விரும்பித் தின்னும், தரையில் ஊரும் பாச்சையைத் திரும்பிப் பார்க்காது. குன்னூரில் ஐப்பசி மழையில் சுவரே வியர்க்கிறது, கூடலூரிலும் நடுவட்டத்திலும் ஆனி ஆடியில் துணி காய்வதில்லை. அங்கே இதை வைத்தால் இரவும் பகலும் விளக்கு எரிய வேண்டும். காற்று மழையில் மின்சாரம் போனால் அந்த இரவு அதற்குக் கண்டம்தான். குளிரில் செரிமானம் நின்றுவிடும், தோலுரிப்பு பாதியில் மாட்டும். அதன் சாந்த குணத்துக்காக ஆசைப்பட்டு மலைக்குக் கொண்டுவருவது அந்தப் பூச்சிக்குச் செய்யும் கொடுமை என்றே நினைக்கிறேன். கோயம்புத்தூரிலோ வத்தலக்குண்டிலோ இருக்கிற உறவினர் வளர்க்கட்டும், போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டு இனங்களைப் பற்றியும் கேட்கிறார்கள், முக்கியமாகத் தென்கிழக்கு ஆசியாவின் ஆர்க்கிட் கும்பிடுபூச்சி. இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அனுமதி இல்லாமல் வெளிநாட்டுப் பூச்சியை இறக்குமதி செய்யக் கூடாது. அதைவிடப் பெரிய காரணம் நம் சோலைகள். 1978-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தென்னாப்பிரிக்கக் கும்பிடுபூச்சி ஒன்று முதன்முதலாகக் காணப்பட்டது. இன்று அந்த ஊர் ஆண் பூச்சிகள் தங்கள் இனப் பெண்ணை விட்டுவிட்டு இந்த அந்நியப் பெண்ணின் வாசனைக்கு இழுபட்டுப் போய் இரையாகின்றன. நம் மலையில் அப்படி ஒன்று நடக்க ஒரு டப்பா திறந்து கிடந்தால் போதும். உள்ளூர் இனமானாலும் முதுமலை, காப்புக்காடு, கொடைக்கானல் சரணாலயம் போன்ற இடங்களிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டுத் தோட்டமும் வேலியும் போதும்.

ஆணா, பெண்ணா? பெண்தான். வயிற்றின் அடிப்பக்கத்தில் பெண்ணுக்கு ஆறு வளையம் தெரியும், ஆணுக்கு எட்டு. பாதி வளர்ந்த குஞ்சிலேயே எண்ணிப் பார்க்கலாம். ஆண் மெலிந்தது, இறக்கை வந்ததும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இரவெல்லாம் பெண்ணைத் தேடிப் பறக்கத் துடிக்கும், ஆயுளும் குறைவு. பறக்கும் ஆணுக்கு ஒரு அதிசயம் உண்டு: மார்பின் அடியில், பின்னங்கால்களுக்கு நடுவில் ஒரே ஒரு காது. வௌவாலின் மீயொலியைக் கேட்டதும் பறப்பதை விட்டுச் சுழன்று கீழே விழும். 1986-இல்தான் இது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட பூச்சியை டப்பாவில் அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது கிடைத்தால் இருட்டியதும் வெளியே விடுங்கள்.

எந்த வயதில் எடுப்பது என்பதில் மலைவாசிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முட்டைக்கூட்டைக் கொண்டுவந்து அறைக்குள் வைத்தால், வீட்டுச் சூட்டில் மார்கழியிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் இறங்கிவிடும், வெளியே ஒரு ஈகூட இருக்காது. சில கூடுகளில் கும்பிடுபூச்சிக்குப் பதில் சிறு குளவிகள் வெளிவருவதும் நடக்கும், அவை கூட்டைத் துளைத்துத் தம் முட்டையை இட்டிருக்கும். முழுதாக வளர்ந்ததை எடுத்தால் ஆயுளில் பெரும்பகுதி முடிந்திருக்கும். ஓடைப்பக்கம் பிடித்தவற்றின் வயிற்றில் நூல் மாதிரி நீண்ட குதிரைமுடிப் புழு இருக்கவும் கூடும். முட்டைக்கூடும் வேண்டாம், முழுதாக வளர்ந்ததும் வேண்டாம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள குஞ்சே நல்லது. பழ ஈ, வீட்டு ஈ இரண்டையும் சாப்பிடும், இன்னும் சில தடவை தோலுரிக்கும், இழந்த கால்கூட அடுத்த உரிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்து வரும். இறக்கை கடைசி உரிப்பில்தான் வரும். அதைப் பார்க்கும் வாய்ப்பு குஞ்சிலிருந்து வளர்த்தவர்களுக்கே.

தோலுரிப்புதான் மலையில் பூச்சியைக் கொல்லும் கட்டம். இரண்டு மூன்று நாள் இரையைத் தொடாமல் மந்தமாகத் தொங்கினால் பட்டினி என்று நினைத்து ஈயைத் திணிக்காதீர்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பழைய தோலைப் பிளந்து கீழ்நோக்கி வழுக்கி வரும், பிறகு திரும்பி அந்தத் தோலையே பிடித்து ஏறிக் காயும். அதற்கு அதன் நீளத்தைப்போல் மூன்று மடங்கு உயரமும், பிடித்துத் தொங்கச் சொரசொரப்பான கூரையும் வேண்டும். அகலவாய்க் கண்ணாடி ஜாடியில் மூடிக்குப் பதில் கொசுவலையைக் கட்டினாலே போதும். விழுந்துவிட்டால் கால்கள் வளைந்தபடியே இறுகிவிடும். அந்த இரவுகளில் ஜாடிக்கு வெளியே குறைந்த வாட் குண்டு பல்பு ஒன்று எரிவது நல்லது.

டப்பாவா, செடியா என்று கேட்டால் பெரிய பச்சைப் பெண்ணுக்கு நான் செடியைச் சொல்வேன். வெயில் விழும் ஜன்னலோரத்தில் ஒரு ரோஜாத் தொட்டி, பக்கத்தில் ஈ வருவதற்குக் கனிந்த வாழைப்பழத் துண்டு, காலையில் இலைமேல் கொஞ்சம் தண்ணீர்த் தெளிப்பு. பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பூவகைக்கு இது சரிப்படாது, மறுநாளே காணாமல் போகும். எதில் வைத்தாலும் கேரட், உருளைக்கிழங்கு, கோஸ் தோட்டத்திலும் தேயிலையிலும் பிடித்த பூச்சியை இரையாகக் கொடுக்காதீர்கள். "மருந்தடிச்ச தோட்டத்துப் பூச்சிய எதுக்கும் போட்றாத கண்ணு, கோழியே சாகுது" என்று தேயிலை பறிக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் சொன்னதை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, ஊர்வாரியாக என் தேர்வு இது. கோத்தகிரி, குன்னூர், பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற நடு உயர ஊர்களில் பெரிய பச்சையின் பாதி வளர்ந்த பெண் குஞ்சு, தயக்கமே வேண்டாம். ஏற்கெனவே ஒன்றை வளர்த்துப் பழகியவர், கையில் எடுக்கும் ஆசை இல்லாதவர் என்றால் பூவகையை எடுக்கலாம். கூடலூர்ப் பக்கம் சூடு போதும், ஈரம்தான் எதிரி. அங்கே மழை மாதங்களில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, வலை அதிகமுள்ள கூண்டில் காற்றோட்டமாக வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஊட்டிக்கும் கொடைக்கானல் நகரத்துக்கும் பெரிய பச்சை மட்டும்தான், அதுவும் வெயில் ஜன்னல் இருந்தால் மட்டும். ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி படியும் மாதங்களில் வீட்டுக்குள்ளும் அதற்கு வேட்டையாடத் தெம்பு இருக்காது. அக்கா மகளுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன். கார்த்திகை தொடங்கித் தை முடியும்வரை புதிதாக எதையும் எடுக்க வேண்டாம். மாசிக் கடைசியில் வெயில் ஏறி, வாழைப்பழத் தோலில் பழ ஈ மொய்க்க ஆரம்பித்ததும் வேலிச் செடிகளில் தேடத் தொடங்கலாம்.